பாலாயில் சொன்ன வார்த்தை கோர்ட்டில் ஏறுமா?

சட்டம் தெரிந்துகொள்வோம்

ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். செம்பனைக் குலை அறுக்கும் அவருடைய மகனுக்கு வயது பத்தொன்பது. ஸ்டோரில் இருந்த உர மூட்டைகள் காணாமற் போனதாகப் புகார் எழுந்து, பையனைப் போலீசார் அழைத்துப் போயிருக்கிறார்கள். நான்கு நாள் ரிமாண்டில் இருந்தபோது, "நான்தான் எடுத்தேன்" என்று சொல்லி, மலாயில் தட்டெழுதிய ஒரு காகிதத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டானாம். இப்போது வெளியே வந்து, "நான் எடுக்கவில்லை அம்மா, பயத்தில் சொன்னேன்" என்று அழுகிறானாம். "ஐயா, கையெழுத்துப் போட்டது போட்டதுதானே? இனி லாயர் வைத்து என்ன பயன்? கோர்ட்டில் ஒத்துக்கொண்டு கும்பிட்டு விழுந்தால் தண்டனை குறையும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படியே செய்யட்டுமா?" என்பது அந்தத் தாயின் கேள்வி.

அம்மா, முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். விளக்கத்தைப் பிறகு பார்ப்போம். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு உங்கள் மகனைத் தண்டிக்க முடியாது. ஆனால் "எல்லாரும் சொல்கிறார்கள்" என்று கோர்ட்டில் போய் ஒத்துக்கொண்டால், அதை வைத்துத் தண்டிக்க முடியும். பாலாயில் சொன்ன சொல் வேறு, கோர்ட்டில் சொல்கிற சொல் வேறு. இந்த வேறுபாடு தெரியாததால் நம் பிள்ளைகள் பலர் வீணாகக் குற்றவாளிப் பட்டம் சுமக்கிறார்கள். ஆகவே இந்த மாதம் இதையே விரிவாகப் பேசுவோம்.

சட்டம் ஏன் நம்ப மறுக்கிறது?

"அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. பள்ளிக்கூடத்துப் பிரம்பு முதல் பாலாய் வரை இதை நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சட்டமோ இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. அடிபட்டவன் வாயிலிருந்து வருவது உண்மையாகவும் இருக்கலாம், அடி நிற்க வேண்டும் என்பதற்காகச் சொன்ன பொய்யாகவும் இருக்கலாம்; இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. ஆகவே அதை நம்பாதே என்கிறது சட்டம்.

இந்த அறிவு சும்மா வந்துவிடவில்லை. நம் தாத்தா, பூட்டன்மார் புறப்பட்டு வந்த அதே சென்னை மாகாணத்தில் பிறந்த பாடம் இது. அங்கே வரி வசூலுக்காகவும், குற்றத்தை ஒத்துக்கொள்ள வைப்பதற்காகவும் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகார் லண்டன் பாராளுமன்றம் வரை போனது. அதை விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணையம் 1855-ஆம் ஆண்டில் தன் அறிக்கையைக் கொடுத்தது. ஜனங்கள் நெடுந்தூரம் நடந்து வந்து அந்த ஆணையத்திடம் முறையிட்டார்கள். விரல்களை நெரிக்கும் கிட்டி, ஆளைக் குனிய வைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாள் என்று நம் தமிழ்ச் சொற்களே அந்த ஆங்கில அறிக்கையில் ஏறின. பெருமைப்படக் கூடிய ஏற்றமல்ல.

1861-இல் இந்தியாவுக்கென்று இயற்றிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்ற விதி இடம்பெற்றது. 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் அது 25-ஆம் பிரிவாக அமர்ந்தது. ஆட்களைக் கப்பலேற்றிய ஆட்சி சட்டத்தையும் கப்பலேற்றியது. நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இன்றும் அந்த 24, 25, 26, 27-ஆம் பிரிவுகள் அதே வரிசை எண்களோடு இருக்கின்றன. ஒரு வித்தியாசம்: இன்ஸ்பெக்டர் பதவிக்குக் கீழே உள்ளவரிடம் கொடுத்த ஒப்புதல்தான் செல்லாது என்று இங்கே வரம்பு கட்டினார்கள்.

2007-இல் வந்த மாற்றம்

முன்பெல்லாம் இன்ஸ்பெக்டரோ அவருக்கு மேற்பட்டவரோ முறைப்படி எச்சரிக்கை செய்துவிட்டு வாக்குமூலம் வாங்கினால், அதைக் கோர்ட்டில் சாட்சியமாக வைக்கலாம். "எச்சரிக்கை வாக்குமூலம்" என்று அதற்குப் பெயர். குற்றம் சாட்டப்பட்டவன், "என்னை அடித்து வாங்கினார்கள்" என்று சொன்னால், வழக்குக்குள்ளே இன்னொரு வழக்கு நடக்கும். மூடிய அறையில் நடந்ததற்குப் பையன் ஒருவன்தான் சாட்சி. எதிரே சீருடையில் நான்கைந்து சாட்சிகள். யார் சொல் எடுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

2005-ஆம் ஆண்டில் துன் முகமட் சைடின் அப்துல்லா தலைமையிலான அரச ஆணையம் போலீஸ் துறையைப் பற்றி ஆராய்ந்து 125 பரிந்துரைகளை வைத்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தியது. திருத்தம் 2007 செப்டம்பர் 7-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன்படி 113-ஆம் பிரிவு இப்போது சொல்வது இது: விசாரணையின்போது ஒருவர் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாகப் பயன்படுத்தக் கூடாது. வாங்கியவர் கான்ஸ்டபிளா, இன்ஸ்பெக்டரா, அதற்கு மேலா என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் ஒரு வழி மட்டும் திறந்திருக்கிறது. அதுவும் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு நன்மையாக. தன் வாக்குமூலத்தைத் தன் தரப்பு வாதத்துக்கு ஆதரவாக அவன் கோர்ட்டில் வைக்கலாம். "பிடித்த முதல் நாளே, அந்த இரவு நான் குளுவாங்கில் மாமா வீட்டில் இருந்தேன் என்று சொன்னேன், இதோ என் வாக்குமூலம்" என்று காட்டலாம். ஆகவே பாலாயில் உண்மையைச் சொன்னவனுக்கு அது நாளைக்குத் துணையாகவும் நிற்கலாம்.

சாட்சிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. கூட வேலை செய்யும் ஒருவர் போலீசில் ஒன்று சொல்லி, கோர்ட்டில் வேறு ஒன்று சொன்னால், பழைய வாக்குமூலத்தை எடுத்து அவரை மடக்கலாம்.

ஒரு கைநாட்டு, முப்பத்தைந்து ஆண்டு

இந்தப் பாதுகாப்பு எவ்வளவு பெரியது என்பது அது இல்லாத இடத்தைப் பார்த்தால்தான் விளங்கும்.

இலங்கையில் நல்லரத்தினம் சிங்கராசா என்ற தமிழர் 1993 ஜூலையில் கைது செய்யப்பட்டார். அங்கே 1979-ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் போலீஸ் உதவி சூப்பரின்டென்டன்ட் வாங்கும் ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது. அது மட்டுமல்ல; "அடித்து வாங்கினார்கள்" என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்தான். சிங்கராசாவுக்குத் தெரிந்தது தமிழ்தான். ஒப்புதல் தட்டெழுதப்பட்டதோ சிங்களத்தில். மொழிபெயர்த்தவரும் ஒரு போலீஸ்காரரே. அதன் கீழே அவருடைய பெருவிரல் ரேகை.

1995-இல் அந்தக் காகிதத்தின் பேரில் அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைந்தது. ஐக்கிய நாட்டு மனித உரிமைக் குழு 2004-இல், அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று சொன்னது. தனிப்பட்ட மொழிபெயர்ப்பாளர் இல்லாததையும், நிரூபிக்கும் சுமையை அவர் மேல் வைத்ததையும் குறையாகக் காட்டியது. ஆனால் 2006-இல் இலங்கை உச்ச நீதிமன்றம் வழக்கை மீண்டும் திறக்க மறுத்துவிட்டது.

தமிழ்நாட்டில் நடந்ததையும் பாருங்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் பிடிபட்டபோது பேரறிவாளனுக்கு வயது 19. சாதாரணச் சட்டப்படி போலீசிடம் கொடுத்த ஒப்புதல் இந்தியாவில் செல்லாது. ஆனால் அந்த வழக்கைத் தடா என்ற தனிச் சட்டத்தின் கீழ் நடத்தினார்கள். அதன்படி சூப்பரின்டென்டன்ட் வாங்கும் ஒப்புதல் செல்லும். ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்ததாக அவர் சொன்னது தூக்குத் தண்டனைக்குத் துணையாயிற்று. 1998-இல் இந்த வழக்கில் 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1999-இல் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. நால்வருக்குத் தூக்கை உறுதி செய்தது. தடாக் குற்றம் நிற்காது என்று சொன்ன அதே நீதிமன்றம், தடாவில் வாங்கிய ஒப்புதல்கள் மட்டும் நிற்கும் என்றது.

பல ஆண்டுகள் கழித்து, 2013-இல், அந்த வாக்குமூலத்தை எழுதிய அதிகாரியே வாய் திறந்தார். பேட்டரி எதற்காக என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாக அவர் ஒப்புக்கொண்டார். ஒரு வாக்கியம் விடுபட்டது. ஒருவன் வாலிபம் முழுவதும் சிறையில் போனது. 2022 மே 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது 30 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

இந்த இரண்டு வழக்குகளிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். காகிதத்தில் இருப்பது நீங்கள் சொன்னதல்ல, எழுதியவர் எழுதியது. நமக்குப் புரியாத மொழியில் எழுதியதென்றால் இந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு.

27-ஆம் பிரிவு என்னும் இடுக்கு

இனி, விதிவிலக்குகளைப் பார்ப்போம். முக்கியமானது சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. காவலில் இருப்பவன் சொன்ன தகவலைக் கொண்டு ஒரு பொருளோ உண்மையோ கண்டுபிடிக்கப்பட்டால், கண்டுபிடிப்போடு நேராகச் சம்பந்தப்பட்ட அந்த அளவு தகவலை மட்டும் சாட்சியமாக வைக்கலாம். 2007-க்குப் பிறகும் இது அப்படியே இருக்கிறது.

உதாரணத்துக்கு, "உர மூட்டைகளை நான் ஸ்டோரிலிருந்து திருடி, கால்வாய் ஓரம் மட்டைக் குவியலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்" என்று ஒருவன் சொன்னதாக வைத்துக்கொள்வோம். போலீசார் போய் அங்கே மூட்டைகளை எடுத்தால், "மட்டைக் குவியலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்" என்ற பகுதி கோர்ட்டுக்கு வரும். "ஸ்டோரிலிருந்து திருடி" என்ற பகுதி வராது. குண்டூர்ப் பக்கத்துக் கிராமத்தார் சம்பந்தப்பட்ட புலுகூரி கோட்டய்யா வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் இப்படித்தான் கோடு கிழித்தது. 1947-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டில் வந்த அந்தத் தீர்ப்பை இன்றும் வழக்கறிஞர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஆனால் போலீசாருக்கு முன்பே தெரிந்த இடத்தை, "இவன்தான் காட்டினான்" என்று சொல்ல முடியாது. தகவலுக்குப் பின்னால் கண்டுபிடிப்பு வர வேண்டும். அடித்து வாங்கிய தகவலாக இருந்தால், அதை ஒதுக்கிவிடும் அதிகாரமும் நீதிபதிக்கு உண்டு. உங்கள் மகன் விஷயத்தில், அம்மா, மூட்டைகள் கிடைத்தனவா, கிடைத்திருந்தால் யார் காட்டி, எந்த நாளில் என்பதை வழக்கறிஞரிடம் முதலில் சொல்லுங்கள்.

இன்னும் சில. லஞ்ச ஒழிப்பு ஆணையத்தின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் போன்ற தனிச் சட்டங்களில், எச்சரிக்கை செய்து வாங்கிய வாக்குமூலம் சாட்சியமாகலாம். 113-ஆம் பிரிவு தடுப்பது போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலத்தைத்தான். தோட்ட ஆபீசில் மானேஜர் முன்னிலையில், "நான் எடுத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு அந்தத் தடை இல்லை. அதிகாரத்தில் உள்ளவர் மிரட்டியோ, "எழுதிக் கொடுத்தால் கேஸ் இல்லை" என்று ஆசை காட்டியோ வாங்கியிருந்தால் 24-ஆம் பிரிவின்படி எதிர்த்து வாதாடலாம். ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டு வாதாடுவதைவிட எழுதிக் கொடுக்காமல் இருப்பது நல்லது. கிராணி நல்லவர், மண்டோர் சொந்தக்காரர் என்பதெல்லாம் கோர்ட்டில் உதவாது. கைத்தொலைபேசியில் கூட்டாளிக்கு அனுப்பிய செய்தியும், குரல் பதிவும் அப்படியே. வேடிக்கையாக அனுப்பியதாக இருந்தாலும் அது போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலம் ஆகாது.

பிடித்துப் போனால் என்ன செய்வது?

நம் இளைஞர்களும், அவர்களைப் பெற்றவர்களும் மனத்தில் வைக்க வேண்டியவை இவை.

ஒன்று: கைது செய்யும்போது, எதற்காக என்று கேட்க உரிமை உண்டு. மரியாதையாகக் கேளுங்கள். கையை ஓங்குவதோ ஓடுவதோ புதிய குற்றமாகிவிடும். பெயர், அடையாளக் கார்டு, விலாசம் இவற்றை மறைக்க வேண்டாம்.

இரண்டு: விசாரிப்பதற்கு முன்பு, உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லலாம் என்பதைப் போலீசாரே தெரிவிக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு இதைச் சொல்கிறது. கூட்டாளிகள் தப்பி விடுவார்கள், சாட்சியம் அழிந்துவிடும் என்பன போன்ற காரணங்களுக்காக மேலதிகாரி இதைத் தள்ளிவைக்க முடியும். எப்படியும் கேட்டு வையுங்கள்.

மூன்று: 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால், ரிமாண்ட் முதல் முறை 4 நாளுக்கு மேலும், இரண்டாம் முறை 3 நாளுக்கு மேலும் போகக் கூடாது. அதைவிடப் பெரிய குற்றங்களுக்கு 7 நாளும், பின்னர் இன்னொரு 7 நாளும். அடித்திருந்தால் சொல்ல வேண்டிய இடம் இந்த மாஜிஸ்திரேட்தான். காயத்தைக் காட்டுங்கள், ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அழைத்து வந்த போலீஸ்காரர் பக்கத்தில் நிற்கிறாரே என்று வாயை மூடிக்கொள்ளக் கூடாது.

நான்கு: கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும், பொய் சொல்லக் கூடாது. ஆனால் பதில் தன்னையே குற்றத்தில் மாட்டிவிடக் கூடியதானால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். 112-ஆம் பிரிவு தரும் உரிமை இது. "இதற்கு நான் கோர்ட்டில் பதில் சொல்கிறேன்" என்று பணிவாகச் சொன்னால் போதும்.

ஐந்து: வாக்குமூலத்தை, கொடுத்தவர் பேசிய மொழியிலேயே படித்துக் காட்டி, திருத்தம் செய்ய வாய்ப்புக் கொடுத்த பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும் என்பது சட்டம். தமிழில் பேசினால் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். விட்டுப் போனதைச் சேர்க்கச் சொல்லுங்கள். புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆறு: காசில்லையே என்று தயங்க வேண்டாம். தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 ஏப்ரல் முதல் இயங்கி வருகிறது. மலேசியக் குடிமக்களுக்கு, கைதான வேளையிலும் ரிமாண்டின்போதும் அதன் வழக்கறிஞர்கள் உதவுகிறார்கள். கோர்ட்டிலேயே கேட்டால் வழி சொல்வார்கள். "உள்ளே ஆள் தெரியும், ஆயிரம் வெள்ளி கொடு, எடுத்துவிடுகிறேன்" என்று லயத்துக்குத் தேடி வருகிற தரகரிடம் தாலியை அடகு வைக்காதீர்கள்.

கடைசியில் ஒரு வார்த்தை

சட்டம் மாறியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. திருத்தம் நடப்புக்கு வந்த பிறகுதான், 2009 ஜனவரியில், கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்ட ஏ. குகன் என்ற நம் இளைஞர் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலிலேயே உயிரிழந்தார். 2013-இல் உயர் நீதிமன்றம் போலீஸ் தரப்பையும் அரசாங்கத்தையும் பொறுப்பாக்கி, குடும்பத்துக்கு எட்டு லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் நஷ்டஈடு விதித்தது. பெற்றவளுக்கு அந்தப் பணம் பிள்ளையாகுமா? செல்லாத வாக்குமூலத்துக்காக அடிப்பதில் பயனில்லை என்று ஆன பின்பும் அடி முழுக்க நின்றுவிடவில்லை. 27-ஆம் பிரிவு இருக்கும்வரை "எங்கே வைத்தாய், காட்டு" என்ற கேள்வியும் இருக்கும். அதனால்தான் உரிமையை நாமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கோர்ட்டில் குற்றச்சாட்டைப் படித்து, "சாலா?" என்று கேட்கும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றியும் சொல்லி முடிக்கிறேன். பாலாயில் ஒத்துக்கொண்டதைத் தள்ளிவிடச் சட்டம் இருக்கிறது. கோர்ட்டில் "சாலா" என்று சொன்னதைத் தள்ளுவது மிகவும் கடினம். ஒத்துக்கொள்கிறவனுக்கு அதன் பொருளும் விளைவும் புரிந்திருக்கிறதா என்று நீதிமன்றம் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது விதி. ஆனால் வரிசையில் இருபது பேர் நிற்கும் காலை நேரத்தில், தலையை ஆட்டியவனுக்குப் புரிந்துவிட்டதாகவே யாருக்கும் தோன்றும். செய்தவன் ஒத்துக்கொள்வது வேறு. அது அவன் மனச்சாட்சிக்கும் நல்லது, தண்டனையிலும் அது கவனிக்கப்படும். செய்யாதவன், "எப்படியாவது முடிந்தால் சரி" என்று ஒத்துக்கொண்டால், அந்தப் பதிவு வேலை தேடும்போதும், வெளிநாடு போக நினைக்கும்போதும் கூடவே வரும்.

ஆகவே, பிள்ளைகளைப் பெற்றவர்களே, கோர்ட்டுக்குப் போகிற நாளில் செய்ய வேண்டியது இதுதான். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். வழக்கறிஞரைப் பார்க்கத் தவணை கேளுங்கள். செய்யாத குற்றமென்றால், "செய்யவில்லை, விசாரணை வேண்டும்" என்று நிமிர்ந்து நின்று சொல்லச் சொல்லுங்கள். குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. உங்கள் பிள்ளை அல்ல.